பனையேறி பிடிக்க வந்த சம்பந்தி

தூண்டிலோடு ஏரிக்கு வருகிறவர்கள் வந்ததும் முள்ளைத் தண்ணீரில் போடுவார்கள். என் சம்பந்தி போட மாட்டார். மூங்கில் கழியை வேலிகாத்தான் மரத்தில் சாய்த்துவிட்டுக் கரைச் சரிவில் குந்துவார். குந்தித் தண்ணீரைப் பார்ப்பார். இந்தப் பக்கம் நாங்கள் பெண்கள் துணிக்குச் சோப்புப் போட்டு, அடித்து, அலசி, புதர்மேல் விரித்து, அது காய்ந்தும் போயிருக்கும். அவர் குந்தின இடத்திலேயே இருப்பார். கழியும் சாய்த்த இடத்திலேயே இருக்கும்.

"உங்க சம்பந்தி மீன் புடிக்க வந்தாரா, ஏரிய அளந்துக்கினு போவ வந்தாரா?" என்று என் ஓரகத்தி கேட்டாள்.

எனக்கும் அதே கேள்விதான். எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச காலம். பஸ் போர்டை இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தெரியாததைக் கேட்காமல் விட்டதில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டு நேராகப் போய்க் கேட்டேன்.

"இன்னா சம்பந்தி பாக்கறீங்க?"

என் பக்கம் திரும்பாமலே, "சத்தம் கேட்டுச்சா சம்பந்தியம்மா?" என்றார்.

"இன்னா சத்தம்?"

"பால் குடிக்கற புள்ள வாய எடுக்குமே, அந்த மாதிரி."

நானும் பக்கத்தில் குந்தினேன். முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு எருமை ஒன்று கத்தியது. அதற்கும் பிறகு, அல்லி இலைக்குப் பக்கத்தில் 'சப்'பென்று ஒன்று. தண்ணீரில் வளையல் அகலத்துக்கு ஒரு வட்டம் விரிந்து அடங்கியது.

"பனையேறி," என்றார், யாரோ சொந்தக்காரர் வந்துவிட்டுப் போனதுபோல.

மற்ற மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சை முடித்துக்கொள்ளும். பனையேறி மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுத்தான் போகும். வந்த இடத்துக்கே திரும்பவும் வரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு நேரம் உட்காருவது. கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் வேலையே இல்லை. மண்புழுவைக் கிள்ளி முள்ளில் கோத்து, அந்த இலைக்கு ஒரு சாண் தள்ளிப் போடுவார். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை ஆடும், முழுகும், மீன் கரையில் இருக்கும். உள்ளங்கை நீளத்துக்குக் கறுத்த பச்சையாக, செதில் ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி. செவுளை விரித்தால் அதிலிருக்கிற முள் கையைக் கிழித்துவிடும். மற்றவர்கள் துணி சுற்றிப் பிடிப்பார்கள். அவர் வெறுங்கையால் தலைப்பக்கமிருந்து செவுளை அமுக்கிக்கொண்டு பிடிப்பார். அப்படியும் விரல்களில் எப்போதும் நாலு கீறல் இருக்கும்.

"மீன் வர்ற எடத்துலயே போடறதுக்கு இன்னா? ஒரு சாண் ஏன் தள்ளிப் போடறீங்க?" என்றேன்.

"மூஞ்சி மேல கொண்டாந்து போட்டா யாருக்குதான் புடிக்கும்?" என்றார்.

அந்த மனிதர் யாரிடமும் எதையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்டதில்லை. ஒரு சாண் தள்ளித்தான் கேட்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டால் உண்டு. இல்லாவிட்டால் அதற்காக முகம் வாட மாட்டார், இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார்.

அவரை முதலில் பார்த்ததே அப்படித்தான். என் கடைக்குட்டி தேவியைப் பெண் பார்க்கப் பலமனேருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் குடிபாலாவுக்குப் பக்கம். அவர்களும் நம் தமிழ் ஆட்கள்தான், ஆனால் அங்கே சுற்றிலும் தெலுங்கு. நாலு வார்த்தை தமிழில் வந்தால் ஐந்தாவது தெலுங்கில் விழும். பையன் வந்து உட்கார்ந்தான், பையனின் அம்மா உட்கார்ந்தாள், அத்தைமார் எல்லாரும் உட்கார்ந்து பஜ்ஜியும் தின்றாகிவிட்டது. பையனின் அப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால் ஏரிக்கரையில் நிற்கிறார். கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேட்டி முழங்காலுக்கு நனைந்திருந்தது.

வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "இந்த ஊரு கெணத்துத் தண்ணி உப்பா, தித்திப்பா?" என்றார்.

கேட்கிறாரே என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். தெருவில் இருக்கிற போர் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது; எங்கள் வயல் கிணறு தித்திப்பு, அதிலிருந்துதான் குடிக்கக் கொண்டுவருவோம்; கோடையில் கொஞ்சம் கலங்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சத்தம் போட்டாள்.

"அவருக்குத் தாகம் சம்பந்தி! ஒரு சொம்பு தண்ணி குடுங்க மொதல்ல. தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாது அந்த ஆளுக்கு. என்னப் பொண்ணு கேக்க வந்தப்ப எங்க நைனாகிட்ட, 'உங்க ஆட்டுக்கெல்லாம் தழ பத்துதா'ன்னு கேட்டாரு. எங்க நைனா ஆடு வாங்க வந்தவன்னு நெனச்சி, 'விக்கறதில்லப்பா'ன்னு தொரத்தி வுட்டாரு!"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாக, "பலமனேரு குளுரு இந்தப் பொண்ணுக்கு ஒத்துக்குமா சம்பந்தியம்மா?" என்றார்.

அதற்குள் எனக்கு அவர் பாஷை பிடிபட்டுவிட்டது. "ஒத்துக்கும்," என்றேன். எங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானது அந்த ஒரு வார்த்தையில்தான்.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவள் இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும் அழுகிறவள். ஆனால் மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு கிடையாது. நினைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும், வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும் என்ன வந்ததென்று. இப்படி ஒருத்தியும் அப்படி ஒருத்தரும் ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அவருக்கு வேண்டியதை எல்லாம் அவளே கேட்டுவிடுவாள் போலிருக்கிறது.

கல்யாணம் முடிந்து ரெண்டு வீட்டுக்காரர்களும் திருப்பதிக்குப் போனோம். மருமகனுக்கு வேலையும் அங்கேதான், பக்தர்களுக்குக் கார் ஓட்டுகிறார். கூட்டத்தில் சம்பந்தியைத் தொலைத்துவிட்டோம். பெயர் சொல்லி மைக்கில் கூப்பிடலாமா என்று மருமகன் தவித்தார். "போயி தண்ணி எங்க இருக்குதோ அங்க பாருடா," என்றாள் அந்த அம்மாள். கோயில் குளத்துப் படியில் நின்று மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நின்ற காவலாளி ஒருத்தர், "இக்கட சேபலு பட்டகூடது பெத்தாயனா," என்று தெலுங்கில் எச்சரித்தார், இங்கே மீன் பிடிக்கக் கூடாது பெரியவரே என்று. இவர் அவரிடம், "புடிக்கறதுக்கு மட்டும்தான் பாப்பாங்களா சார்?" என்றார்.

இன்னொரு தரம், நல்ல மழைக்காலம். எங்கள் ஏரி நிரம்பிக் கோடி போனது. தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடத்தைக் கோடி என்போம். பனையேறி அப்போதுதான் வேடிக்கை காட்டும். தண்ணீரை விட்டு ஏறி, செவுளை ரெண்டு பக்கமும் ஊன்றி, வாலால் தள்ளி, ஈர மண்ணில் நடக்கும். அப்படி ஒரு கூட்டம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர் ஜனங்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த தேவியைப் பார்க்க வந்த சம்பந்தி குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டு நடுவில் நின்றார். டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவனை நிறுத்தி, "எந்த ஊரு நைனா? உங்க பக்கம் மழ எப்பிடி?" என்று ஆரம்பித்தார். அவன் பாவம், பெரியவர் கேட்கிறாரே என்று இஞ்சினை நிறுத்திவிட்டு மழைக்கதை சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்போது கடைசி மீனும் ரோட்டைத் தாண்டியிருந்தது.

"சம்பந்தி, கையால அள்ளலாம். ஒண்ணுகூட எடுக்கலியே நீங்க?" என்றேன்.

"அதுங்க எங்கயோ கெளம்பிப் போவுதுங்க. வழியில நிக்கறவன் எடுக்கறதா?" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரோடு என் வீட்டுக்குப் பேச்சு முறிந்தது. காரணம் அவர் இல்லை.

தேவிக்கு வளைகாப்பு. முறைப்படி அவர்கள் வீட்டில் போட்டார்கள். வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசி, ஊரார் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் தேவியின் தாடையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னாள்: "வந்தப்ப எலும்பும் தோலுமா வந்துது. எங்க வூட்டுக்கு வந்துதான் இந்தப் பொண்ணு வயிறு ரொம்பத் துன்னுது!"

பந்தலில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

எங்கள் நைனா காலத்தில் எங்களுக்கு நிற்கிற இடம்கூடச் சொந்தமில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கினோம். என் வீட்டுக்காரர் போன பிறகும் நான் அந்தக் கையாலேயே நட்டு, அறுத்து, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினேன். என் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத்தான் நான் தின்பேன். பசித்த வீடு என்று எவளும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் அவ்வளவும். அதைத்தான் அவள் சொன்னாள், சந்தனக் கையோடு.

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "என் பொண்ணு வயிறு ரொம்பாதத நீ எப்ப வந்து பாத்த? இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத," என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நாங்க ஏன் மிதிக்கறோம்? நீயே கொண்டாந்து வுட்டா வுடு, இல்லன்னா வெச்சிக்கோ!"

அப்போது சம்பந்தி மாட்டுக்கொட்டகையில் தவிட்டு வாளியோடு நின்றார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தேவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மருமகன் வந்து பார்த்தார், பழம் வாங்கி வைத்தார், "எங்கம்மாகிட்ட என்னால பேச முடியாது அத்தே," என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார். பிறகெல்லாம் செல்போனில்தான். தேவி குழந்தையைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவாள். எங்கள் வழக்கத்தில் மூன்றாம் மாதம் மாமியார் வீட்டார் பூவும் மஞ்சளுமாக வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வேண்டும். மூன்றாம் மாதம் போனது. ஐந்தாம் மாதமும் போனது. அவர்கள் வந்து கூப்பிடாமல் நான் அனுப்ப மாட்டேன். நானே கொண்டுவந்து விடட்டும் என்று அவர்கள் வர மாட்டார்கள். குழந்தை குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. ரேஷன் கடையில் ஒருத்தி, "தேவி இங்கயே தங்கிட்டாளா?" என்று கேட்டாள். தேவி எனக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி ஓடி வந்தாள். "யக்கா! உங்க சம்பந்தி ஏரியில குந்திக்கினு இருக்காரு!"

எனக்கு ஆச்சரியம். பலமனேர் பக்கம் இல்லாத ஏரியா? ரெண்டு பஸ் மாறி இங்கே வந்து எதற்குத் தூண்டில் போட வேண்டும்? பேரக்குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாசல் வரைக்கும் வர முடியாது. நான் போட்ட வார்த்தை அவர் சம்சாரத்துக்கென்றாலும், வீட்டுக்கே போட்ட மாதிரிதானே. நான் போகவில்லை. தேவி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

உச்சிவேளையில் ஏரிக் காவல்காரன் பெயிண்ட் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் ஏரியை ஏலம் எடுத்துக் கட்லா, ரோகு மீன் விட்டிருக்கிற குத்தகைக்காரர் ஒருவர் உண்டு; அவருடைய ஆள். டப்பாவுக்குள் ஈரப் பாசி. பாசிக்கு நடுவில் பனையேறிகள் செவுளை விரித்துக்கொண்டு கிடந்தன.

"பெரிம்மா, பால் குடுக்கற பொண்ணுக்குப் பனையேறி ஆவுமா ஆவாதான்னு உங்க சம்பந்தி கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

"ஆவாதுன்னு போய் சொல்லு. எங்க வூட்டுல துன்றதுக்கு இருக்குது."

டப்பா திரும்பிப் போனது. வேறு மீனாக இருந்தால் அந்த வெயிலில் செத்து நாறியிருக்கும். பனையேறிக்கு ஈரம் இருந்தால் போதும். அத்தனையையும் உயிரோடு ஏரியிலேயே விட்டுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறும் டப்பா வந்தது. "மாங்கா போட்டு வெச்சா ஆவுமான்னு கேக்கறாரு."

"எங்க மரத்துல இந்த வருசம் மாங்கா இல்லன்னு சொல்லு."

"மரத்துல தொங்குதே பெரிம்மா!"

"உன் வேலையப் பாருடா."

தேவி கதவோரம் நின்று, "மீனு செத்துடும்மா," என்றாள். "உன் மாமனாரு புடிக்கற மீனு சாவாது," என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவளுக்குக் காட்டவில்லை.

இப்படிச் சில ஞாயிறுகள் போயின. பிறகு ஒருநாள் காவல்காரன் டப்பா இல்லாமல், மூச்சு வாங்க ஓடி வந்தான். குத்தகைக்காரர் திடீரென்று கரைக்கு வந்துவிட்டாராம். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் விட்ட மீனைத் தொடாமல், தூண்டிலில் வேறு மீன் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்க்காரர்களும், ஊர் வீடுகளுக்கு வந்த விருந்தாளிகளும்தான்.

"இந்த ஆளு எந்த வூட்டு விருந்தாளின்னு கேக்கறாரு பெரிம்மா. யாரும் இல்லன்னா கழிய ஒடச்சிப் போட்டு அனுப்பச் சொல்றாரு. உங்க வூடுன்னு சொல்லட்டுமா, வேணாமா?"

"அவரு இன்னா சொன்னாரு?"

"அவரு எங்க சொல்றாரு? 'வந்த மனுஷனுக்குச் சோறு போடாத வூடு இந்த ஊர்ல எது தம்பி?'ன்னு என்னையே கேக்கறாரு!"

நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். ஆமாம் என்றால் நான் கூப்பிட்டதாக ஆகிவிடும். இல்லை என்றால், சம்பந்திக்கே சோறு போடாத வீடு என்று கரையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். தேவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"இங்கேருந்து எனக்கு ஆளு அடையாளம் தெரியாது. கூட்டினு வா. பாத்துச் சொல்றேன்," என்றேன்.

கூட்டிக்கொண்டு வந்தான். பாதித் தெருவும் பின்னாலேயே வந்தது. அவர் வாசப்படிக்கு வெளியே, ஒரு கையில் கழியும் ஒரு கையில் டப்பாவுமாக நின்றார். நான் தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தேன். இளைத்திருந்தார். விரலெல்லாம் கீறல்.

"எங்க வூட்டு ஆளுதான். போய் சொல்லு," என்று காவல்காரனிடம் சொன்னேன். அவரிடம், "கையக் கழுவுங்க," என்றேன்.

அவர் வரவுமில்லை, நான் அழைக்கவுமில்லை. கூட்டிக்கொண்டு வந்தவன் காவல்காரன்.

அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்திருந்தேன். கேழ்வரகுக் களியை உருண்டை பிடித்து வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினேன். தேவி எதிரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் முதலில் குழந்தையைப் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்தார். அப்புறம் தேவியின் கால் பக்கம் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை ஏற்றி, குழந்தையிடம் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான். குழந்தையும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தது. களி ஆறிப்போனது.

என் வாயில் பதில் தயாராக இருந்தது. 'பொண்ண அனுப்பறீங்களா' என்று அவர் கேட்க வேண்டும், 'உங்க வூட்டம்மா வந்து கூப்புடட்டும்' என்று நான் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை. நான் இன்னொரு உருண்டை வைத்தேன். தின்றார். சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன். தின்றார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"போதுமா?"

வாய்க்குப் போன கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையின் பக்கம் குனிந்து, "போதாமா?" என்றார்.

குழந்தை சிரித்தது. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். தேவி மட்டும் சட்டென்று தலையைத் தூக்கினாள். நான் அதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

கை கழுவிவிட்டு, "பலமனேரு பஸ்ஸுல இந்நேரம் கூட்டமா இருக்குமா சம்பந்தியம்மா?" என்றார். போய்வருகிறேன் என்று அர்த்தம். டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். தேவி என்னைக் கேட்காமலே மீனை எடுத்து, சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்தாள். மாங்காயும் பறித்தாள். முள் அதிகம்தான். ஆனால் அந்த ருசி வேறு மீனுக்கு வராது.

மறுநாளிலிருந்து தேவி குழந்தையின் துணியை எல்லாம் துவைத்து மடிக்க ஆரம்பித்தாள். "எங்கடி?" என்றால், "சும்மாதாம்மா," என்பாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. மருமகன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தட்டில் பூ, மஞ்சள், குழந்தைக்குப் பாவாடை. அந்த அம்மாள் இறங்கினாள். கடைசியில் அவர். தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. அவள் நேராக நடந்து வந்து, என் வாசப்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். நான் மிதிக்காதே என்றது அவளுக்கு மறக்கவில்லை.

"இதுக்கு மேல நாங்க எப்பிடி சும்மா இருக்கறது சம்பந்தி?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நீங்களே வாய் தொறந்து 'போதாமா'ன்னு கேட்டீங்களாமே. அவரு வந்து சொன்னாரு. அத்தினி ரோஷக்காரி நீங்களே எறங்கி வந்து கேட்டதுக்கப்புறம், நான் வராம இருப்பனா?"

"நானா? எப்ப கேட்டேன்?" என்று வாயெடுத்தேன். அப்போதுதான் விளங்கியது.

எனக்கும் தெலுங்கு தெரியும். சித்தூர் மார்க்கெட்டில் தெலுங்கில்தான் காய் விற்றுவிட்டு வருவேன். தெலுங்கில் போதாமா என்றால் போகலாமா என்று அர்த்தம். நான் கரண்டியோடு நின்று கேட்டது, இன்னும் சோறு போடட்டுமா, வயிறு நிறைந்ததா என்று. அவர் வீட்டில் போய்ச் சொன்னது, 'பெண்ணையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கிளம்பலாமா' என்று நானே கேட்டதாக. குழந்தையிடம் குனிந்து அவர் கேட்டதும் அதைத்தான். அந்த வீட்டில் வாழ்ந்த தேவிக்கு அது உடனே புரிந்திருக்கிறது.

காது தப்பாகக் கேட்டதா, இல்லை தெரிந்தேதான் எடுத்துக்கொண்டாரா? இப்போது அவர் இல்லை. இருக்கும்போது ஒருநாள் கேட்டேன். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சம்பந்தியம்மா," என்றார். அல்லி இலைக்குப் பக்கத்தில் மீன் மூச்சு விடுவது கேட்கிற ஆளுக்குக் காது மந்தமாம்.

ஆனால் அன்றைக்கு வாசலில் அதை யோசிக்க நேரமில்லை. 'சோறு போதுமான்னுதான் கேட்டேன்' என்று நான் சொல்லிவிட்டால் அந்தத் தட்டு திரும்பிப் போய்விடும். என் பின்னால் தேவி நிற்கிறாள். குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு வைத்திருக்கிறாள். ஆமாம் என்று சொன்னால், எங்கள் ஊரிலும் அவர்கள் ஊரிலும் நான் சாகிற வரைக்கும் இறங்கி வந்து கேட்டவள் நான்தான். நான் அப்படி யாரிடமும் இறங்கினவள் இல்லை.

அவரைப் பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் நின்றார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நான்தான் கேட்டேன். உள்ள வாங்க."